டிவிக்குப் படகு வாங்கின மருமவனுக்கு

மருமவனே, நீ படகு வாங்கிட்டேன்னு உங்கம்மா போன் பண்ணிச் சொன்னா. ரொம்ப சந்தோஷம். நம்ம வம்சத்துல கித்தா மரம் சீவினவன் உண்டு, செம்பனைக் குலை வெட்டினவன் உண்டு, லோரி ஓட்டினவன் உண்டு. படகுக்குச் சொந்தக்காரன்னு இப்பத்தான் ஒருத்தன் கெளம்பியிருக்கான். 28 அடியாம், பாதிப் பங்கு உன்னோடது, பாதி உன் கூட்டாளியோடது. சனிக்கிழமை சாயங்காலம் லங்காட் ஆத்துல எறங்கி, ஜுக்ரா பக்கம் கழிமுகத்தைத் தாண்டி நங்கூரம் போட்டு, ராத்திரி முழுக்கத் தூண்டில் போடப் போறீங்களாம். நல்ல விசயம். பந்திங் பாசார்ல மீன் விக்கிற விலைக்கு இது தேவைதான். அங்க கிலோ இருபது வெள்ளின்னா உனக்குக் கிலோ இருநூறு வெள்ளியில முடியும். ஆனா கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல.

அது கெடக்கட்டும். படகுல அடிச்ச சாயம் இன்னும் காயல, அதுக்குள்ள 43 இஞ்ச் டிவி ஒண்ணு வாங்கி வச்சிருக்கியாமே? கூடவே 1000 வாட் இன்வெர்ட்டராம். உன் அத்தைகிட்ட சொன்னேன். அவ ஒரு வார்த்தை பேசல. அளவு நாடாவை எடுத்துட்டுப் போயி நம்ம வீட்டு ஹால் சுவரை அளந்து பாத்துட்டு வந்து உக்காந்துட்டா. அவளுக்குத் தெரியும், அந்த டிவி கடைசியில எங்க வந்து சேரும்னு.

கோவிச்சுக்காதடா. நீ பொலிடெக்னிக் படிச்சவன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்போட வெளிய வந்தவன். ஆனா பேட்டரியில டிவி பாக்குற வித்தைன்னு வந்துட்டா, இந்தக் கோல லங்காட் வட்டாரத்துல எங்க தலைமுறையை மிஞ்ச ஆளே கெடையாது. அந்தப் படிப்புக்குச் சர்ட்டிபிகேட் இல்ல. சட்டையில ஆசிட் பட்டு விழுந்த ஓட்டைதான் சர்ட்டிபிகேட்.

இந்த நாட்டுல டிவி வந்தது 1963 டிசம்பர் 28. கோலாலம்பூர்ல வந்துச்சு. தோட்டத்துக்கு உடனே வந்துச்சான்னா, அலைவரிசை வந்துச்சு, கரண்டு வரல. எங்க லயத்துல தோட்டத்து ஜெனரேட்டர்தான். சாயங்காலம் உசிர் வரும், ராத்திரி பத்தானா போயிடும். அந்தக் கரண்டும் கிராணியார் வீட்டு வெளக்கு, ஆஸ்பத்திரி வெளக்குன்னு சுத்திட்டு எங்ககிட்ட வர்றப்போ சோர்ந்து போயிருக்கும். அதனால டிவி வாங்குனவன் பேட்டரியில ஓடுற கறுப்பு வெள்ளைப் பெட்டியாப் பாத்துத்தான் வாங்குவான். பின்னால ரெண்டு வயர், செகப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. அதுல மொதலைப் பல்லு க்ளிப்பு. பேட்டரியில கடிக்க வச்சா படம்.

பேட்டரி ஒண்ணு பதினஞ்சு இருபது கிலோ. அதைச் சைக்கிள் கேரியர்ல வச்சு, ரப்பர் டியூபால இறுக்கிக் கட்டி, செம்மண் சடக்குல உருட்டிக்கிட்டே பந்திங் டவுனுக்குக் கொண்டு போவோம். பட்டறையில வச்சா ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுத் தருவான் தவுக்கே. திரும்பி வர்றப்போ குலுங்கி, மூடிச் சந்துல ஆசிட் கசிஞ்சு, கைலியிலயும் சட்டையிலயும் படும். வீட்டுக்கு வந்து சேர்றவரைக்கும் ஒண்ணும் தெரியாது. தொவைச்சுக் காயப்போட்டா துணியில வானம் தெரியும். உங்க பாட்டி திட்டுன திட்டு இன்னும் என் காதுல இருக்கு.

தமிழ்ப் படம் போடுற அன்னிக்கு லயமே எங்க வீட்டு அஞ்சடிக்கு வந்துடும். பிள்ளைங்க முன்னால, பொம்பளைங்க நடுவுல, மண்டோர் மட்டும் நாற்காலியில. படத்துக்கு முன்னாடி நியூஸ் வந்தா டிவியை அணைச்சுப் போட்டுடுவோம். நாட்டுல என்ன நடக்குதுன்னு எங்க தலைமுறைக்குத் தெரியாமப் போனதுக்கு அரசியல் காரணம் இல்லடா, பேட்டரிதான் காரணம். அப்படிச் சிக்கனம் புடிச்சும் கடைசி அரைமணி நேரத்துல ஆரம்பிக்கும் கூத்து. பேட்டரி எறங்க எறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கி உள்ள வரும். ஓரத்துல கறுப்பு விழும். மொதல்ல சட்டம் போட்டாப்ல அழகாத்தான் இருக்கும். அப்புறம் வில்லன் பாதி ஆளா நிப்பான். காலு, தலை ரெண்டும் ஒட்டிக்கிட்டு வரும். மெர்டேக்கா கிண்ண ஆட்டம் ஒண்ணுல, நீளக் கைக்குப் பேர்போன நம்ம ஆறுமுகம் கோல்கட்டுல நிக்கிறாரு. பேட்டரி எறங்கி, அவருக்குக் கையே குறைஞ்சு போச்சு. எங்க சின்னையா ஒருத்தர், "இந்தக் கையை வச்சு எப்படிடா பந்தைப் புடிப்பாரு?"ன்னு உண்மையிலயே கவலைப்பட்டாரு. அந்த ஆறுமுகம்தான் 1980-ல மெர்டேக்கா அரங்கத்துல தென்கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு ஒலிம்பிக்குக்குத் தகுதியான குழுவோட கோல் காவலர். அப்புறம் நாமளே மாஸ்கோவைப் புறக்கணிச்சு அந்த வருசம் போகாம இருந்துட்டோம். அது வேற வயித்தெரிச்சல்.

எதுக்குச் சொல்றேன்னா, அப்பல்லாம் நாங்க டிவியைப் பாத்து பேட்டரி வாங்கல. பேட்டரியைப் பாத்து டிவி வாங்குனோம். கையில எத்தனை ஆம்பியர் இருக்கு, எத்தனை மணி நேரம் தாங்கும், அதுக்கு எந்தப் பெட்டி ஒத்துவரும்னு கணக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வரும். நீ பெரிய படிப்புப் படிச்சதனால இந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்க. மொதல்ல 43 இஞ்ச், அப்புறம் இன்வெர்ட்டர், கடைசியா "மாமா, எந்த பேட்டரி போடலாம்?"

சரி, கணக்குப் போடுவோம். போன்ல கால்குலேட்டர் வச்சிருக்கல்ல, எடு.

உன் 43 இஞ்ச் ஏறக்குறைய 90 வாட் இழுக்கும்னு வையி. சுவிட்சைப் போட்டா இன்வெர்ட்டர் சும்மா வேலை செய்யாது, அதுக்குக் கமிஷன் உண்டு. நூத்துக்குப் பத்து, பதினஞ்சு அதுவே சூடா முழுங்கிடும். ஆக பேட்டரியிலேர்ந்து 100 வாட்டுக்கு மேல போகுது. 12 வோல்ட்ல அது எட்டரை, ஒம்பது ஆம்பியர். உன் படகுல இப்ப இருக்குறது ஒரே ஒரு என்70 பேட்டரி. 70 ஆம்பியர் மணி நேரம்னு அதுல எழுதியிருக்கும். எழுதியிருக்குறதையெல்லாம் எடுக்க முடியும்னா உன் கூட்டாளி எழுதிக் கொடுத்த கடன் சீட்டும் பணம்தான். ஈய பேட்டரியில பாதிக்கு மேல எடுத்தா அதோட ஆயுசு கொறையும். அப்ப உன் கையில உள்ளது 35. நாலு மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. டிவி மட்டும் போட்டு. வெளக்கு, மீன் தேடுற கருவி, நீ ராத்திரி பூரா சார்ஜ் போடுற மூணு போன், இதெல்லாம் சேக்கல.

இப்ப 24 இஞ்ச் ஒண்ணை எடுத்துக்க. நேரா 12 வோல்ட்ல ஓடுறது. 30 வாட். ரெண்டரை ஆம்பியர். அதே 35-ல பதினாலு மணி நேரம் ஓடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொறைச்சு வச்சா இன்னும் கூட. ராத்திரி கடல்ல முழு வெளிச்சத்துல டிவி போட்டா கண்ணுதான் கூசும். உன் படகு கேபின்ல நீ உக்காந்தா மூஞ்சிக்கும் சுவருக்கும் ஒன்றரை மீட்டர்கூட இல்ல. அந்தத் தூரத்துல 43 இஞ்ச் பாத்தா பந்து எந்தப் பக்கம் போகுதுன்னு கழுத்தைத் திருப்பித்தான் பாக்கணும். கழுத்துச் சுளுக்குக்கு எண்ணெய் தேய்க்க என்கிட்ட வராத.

இன்வெர்ட்டரோட வேலையை இன்னொரு தடவை யோசிச்சுப் பாரேன். பேட்டரி 12 வோல்ட்டைக் கொடுக்குது. இன்வெர்ட்டர் அதை 240 ஆக்குது. டிவிக்குப் பின்னால இருக்குற அடாப்டர் அந்த 240-ஐத் திரும்பவும் 12-ஓ 19-ஓ ஆக்கி உள்ள அனுப்புது. பந்திங்கிலேர்ந்து மோரிப் போறதுக்குக் கிள்ளானைச் சுத்திக்கிட்டுப் போறவனைப் பாத்து நீ என்ன சொல்லுவ? அதையேதான் நானும் உன்னைச் சொல்றேன். போதாக்குறைக்கு ஈரப் படகுல, உப்புத் தண்ணி சொட்டுற கேபின்ல 240 வோல்ட். பேட்டரி 12 வோல்ட்டைக் கையில தொட்டா ஒண்ணும் செய்யாது. இன்வெர்ட்டர்லேர்ந்து வர்றது ஆளை எடுத்துடும். கடல்ல அது நடந்தா யாரு வந்து பாப்பா?

அதனால கடைக்குப் போனா டிவியோட மூஞ்சியைப் பாக்காத, முதுகைப் பாரு. பொண்ணு பாக்கப் போறவங்க செய்யாத வேலை, ஆனா இங்க அதுதான் சரி. பின்னாடி ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல 240 மட்டும் போட்டு, நேரா சுவர்ல சொருகுற வயரா இருந்தா கும்புடு போட்டு வந்துடு. தனி அடாப்டர் கட்டை இருந்து, அதுல 12 வோல்ட்னோ 19 வோல்ட்னோ போட்டிருந்தா அது நம்ம சாதி. எத்தனை ஆம்பியர்னும் அதுலயே இருக்கும். பக்கத்துலயே ஒரு சின்னப் படம், நடு ஊசி பாசிட்டிவா நெகட்டிவான்னு காட்டும். அதைப் போன்ல படம் எடுத்து வச்சுக்க. மாத்திக் கொடுத்தா டிவி ஒரே ஒரு தடவை "டப்"புன்னு பேசும், அப்புறம் பேசாது. டிவியே வேணாம், 12 வோல்ட்ல ஓடுற கம்ப்யூட்டர் மானிட்டரும் டிகோடர் பெட்டியும் போதும்னாலும் சரிதான்.

12 வோல்ட் டிவி கெடைச்சதும் க்ளிப்பை எடுத்து பேட்டரியில கடிக்க வச்சுடாத. அங்கதான் படிச்சவனெல்லாம் விழுவான். படகு பேட்டரியில 12 வோல்ட்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நெறைஞ்சு ஓய்வா இருந்தா 12.7. பாதியாச்சுன்னா 12.2. 11.9 காட்டினா அது பேட்டரி இல்ல, வெறும் பாரம். இஞ்சின் ஓடுறப்போ ஆல்டர்னேட்டர் 14.4 வரைக்கும் ஏத்தும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ற நொடியில 10-க்குக் கீழயும் எறங்கும். எங்க காலத்துப் பெட்டி முரட்டுப் பெட்டி, பேட்டரிக்குன்னே செஞ்சது, சுருங்கிக் காட்டுமே ஒழிய சாகாது. இப்ப உள்ளதுங்க அடாப்டரோட செல்லப்பிள்ளைங்க. துல்லியமா 12 கொடுத்துப் பழக்கி வச்சிருக்காங்க. 14.4-ஐக் காட்டினா சில டிவி தாங்கும், சில டிவி புகையும். எது எதுன்னு புகைஞ்சப்புறம்தான் தெரியும்.

அதுக்கு ஒரு சின்ன டப்பா இருக்கு, வோல்டேஜ் கன்வெர்ட்டர். உள்ள 9-லேர்ந்து 18 வரைக்கும் எது போனாலும் வெளிய சரியா 12 வரும். 19 வோல்ட் டிவிக்குன்னா வெளிய 19 தர்ற டப்பா கேட்டு வாங்கு. டிவி இழுக்குறதைப் போல ஒன்றரை மடங்கு தாங்குறதா இருக்கட்டும். உன் இன்வெர்ட்டர் விலையோட ஒப்பிட்டா ஒரு பிரியாணிக் காசு.

உன் கூட்டாளி அடுத்த வருசம் இஞ்சினை மாத்தி லோரி டீசல் இஞ்சின் போடப் போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான். அப்படிப் போட்டா 24 வோல்ட். ரெண்டு 12 பேட்டரியைத் தொடரா கட்டியிருப்பான். உடனே எவனாவது ஒரு மெக்கானிக் வருவான். "தம்பி, கவலைப்படாத, ஒரு பேட்டரியிலேர்ந்து மட்டும் வயரை எடுத்தா 12 கெடைச்சுடும்"பான். கெடைக்கும், பொய் இல்ல. ரெண்டு மாசத்துக்குக் கெடைக்கும். டிவி ஒரு பேட்டரியை மட்டும் உறிஞ்சும். சார்ஜ் ஏர்றப்போ ரெண்டுக்கும் சேத்து 28.8 வோல்ட் போகும். அரைவயித்துப் பேட்டரிக்குப் பத்தாது, நெறைஞ்ச பேட்டரிக்கு மிஞ்சிடும். ஒண்ணு பட்டினியில சாவும், இன்னொண்ணு தண்ணி கொதிச்சுச் சாவும். ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கும் சமமாப் பரிமாறலைன்னா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா, உன் சித்தப்பாமாருங்க கதை தெரியாதா? 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் போட்டு ரெண்டுலேர்ந்தும் சேத்து எடு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஓரத்துல கெடக்கட்டும். இப்பச் சொல்றதைக் காதுல போட்டுக்க. டிவிக்கு எந்த பேட்டரியோ, அது இஞ்சினை ஸ்டார்ட் பண்ற பேட்டரியா இருக்கவே கூடாது.

ஸ்டார்ட் பண்ற பேட்டரி ஓட்டப்பந்தயக்காரன். நொடியில நூத்துக்கணக்குல ஆம்பியரைக் கொட்டிட்டு ஓய்வெடுக்கும். தகடு மெல்லிசு. ராத்திரி பூரா மெதுவா உறிஞ்சினா நாலஞ்சு மாசத்துல செத்துடும். அதுக்குன்னு தகடு தடியா, ஆழமா எறங்கி ஏர்ற பேட்டரி தனியா விக்கிது. டீப் சைக்கிள்னு கேளு. காசிருந்தா லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கு. எழுதியிருக்குறதுல நூத்துக்கு எண்பது எடுத்துக்கலாம், எடையும் பாதிக்குக் கீழ. ஆனா அதுக்கேத்த சார்ஜர் வேணும். ஆல்டர்னேட்டர்லேர்ந்து நேரா கொடுத்தா ஆல்டர்னேட்டர் சூடேறிப் படுத்துக்கும். ஈய பேட்டரியே போதும்னா ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஒரு ரிலே போட்டுக்க. இஞ்சின் ஓடுறப்போ தானா சேரும், நின்னா தானா பிரிஞ்சுடும். அப்ப நீ டிவி பாத்துத் தீக்குறது உன் பங்கு மட்டும்தான், இஞ்சினோட பங்குல கை வைக்க மாட்ட.

"இன்வெர்ட்டர்லயே கட் ஆஃப் இருக்கே மாமா"ன்னு சொல்லுவ. இருக்கு. பத்தரை வோல்ட்டுக்கு வந்தா அது அணைஞ்சுக்கும். அது தன்னைக் காப்பாத்திக்கிற ஏற்பாடு, உன்னைக் காப்பாத்துறது இல்ல. பத்தரைக்கு வந்த பேட்டரி இஞ்சினைத் திருப்பாது. ஒரு "டிக்" சத்தம் மட்டும் வரும். சாமி இல்லாத கோயில்ல மணி அடிச்ச கதை.

அந்த "டிக்" எங்க கேக்குதுங்கிறதுதான் விசயம். இந்தக் கரையோரத்தை நீ ஜாலியான இடம்னு நெனைச்சுக்கிட்டு இருக்க. கிள்ளான் துறைமுகப் பக்கம் பெரிய ஏத்த வத்துல தண்ணி நாலு மீட்டருக்கு மேல ஏறி எறங்கும். ஏத்தத்துல நீ நங்கூரம் போட்ட எடம் வத்துல சேறு. 1945 செப்டம்பர் 9, மோரிப் கடற்கரையில பிரிட்டிஷ் இந்தியப் படை எறங்குச்சு. ஜப்பான்காரன் ஏற்கனவே சரணடைஞ்சாச்சு, எதுக்க ஒரு ஆள் இல்ல, ஒரு குண்டு இல்ல. அப்படியும் வண்டி வண்டியாச் சேத்துல பொதைஞ்சு நின்னுச்சு. ஏகாதிபத்தியத்தையே புடிச்சு நிறுத்துன சேறுடா இது. 28 அடிப் படகும் 43 இஞ்ச் டிவியும் அதுக்கு எம்மாத்திரம்? வத்து தொடங்குறப்போ இஞ்சின் எழும்பலைன்னா, அடுத்த ஏத்தம் வர்ற வரைக்கும் நீயும் உன் கூட்டாளியும் கொசுவும்தான். டிவியும் இருக்காது, அதான் ஏற்கனவே பேட்டரியைக் குடிச்சிருக்குமே.

இன்னொரு திருட்டு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறப்போ ரிமோட்ல டிவியை அணைச்சுட்டுப் போயிடுவ. இன்வெர்ட்டர் சுவிட்ச் அப்படியே கெடக்கும். சும்மா இருக்குறப்பவும் அது அரை ஆம்பியர் தின்னும். ஒரு வாரத்துக்கு 84 ஆம்பியர் மணி. உன் பேட்டரியில உள்ளதே 70. யாருமே பாக்காத டிவிக்கு முழு பேட்டரியும் காலி. அதனால பேட்டரி பக்கத்துலயே ஒரு கட் ஆஃப் சுவிட்ச். கெளம்புறப்போ திருப்பிட்டு வா. எங்க காலத்துல க்ளிப்பைக் கழட்டிட்டா கதை முடிஞ்சுது, ரிமோட்டுன்னு ஒண்ணு இல்லாத காலம்.

வயரைப் பத்தி அதிகம் பேச வேணாம்னு பாத்தேன், ஆனா உன் கூட்டாளி ஸ்பீக்கர் வயரைச் சுருட்டி வச்சிருக்குறதை என் கண்ணால பாத்தேன். பேட்டரி பின்னால, டிவி முன்னால, நடுவுல எட்டு மீட்டர். போக வர பதினாறு. அந்த மெல்லிசு வயர்ல ரெண்டரை ஆம்பியர் போனா வழியிலயே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமப் போயிடும். 12.2-ல இருக்குற பேட்டரி டிவிகிட்ட 11.2-ன்னு வந்து நிக்கும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடு, கால் வோல்ட்கூடப் போகாது. படகுக்குன்னு ஈயம் பூசின வயர் விக்கிது, கொஞ்சம் விலை கூட. சாதா செம்பு உப்புக் காத்துல பச்சை புடிச்சு உள்ளயே பொடியாப் போகும். பாசிட்டிவ் முனையிலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 5 ஆம்பியர் பியூஸ். டிவிகிட்ட போட்டா போதாது, வயர் நடுவுல உரசித் தீப்புடிச்சா டிவிகிட்ட இருக்குற பியூஸ் வேடிக்கைதான் பாக்கும். 12 வோல்ட்டுக்கு ஷாக் அடிக்கத் தெரியாது, தீ வைக்க நல்லாத் தெரியும். ஈய பேட்டரி சார்ஜ் ஏர்றப்போ ஹைட்ரஜன் வாயு விடும், அதனால மூடிபோட்ட பெட்டியில வச்சாலும் மேல காத்துப் போற வழி விடு. அது பக்கத்துல சிகரெட் புடிக்கிற உன் கூட்டாளியை முன்பக்கம் உக்கார வை.

படம் எங்கேர்ந்து வரும்னு யோசிச்சியா? வீட்டு அஸ்ட்ரோ தட்டைக் கழட்டிப் படகு மேல மாட்டப் போறேன்னு சொன்னியாமே. அந்த யோசனையைக் கேட்டு நான் ரெண்டு நாள் சிரிச்சேன். துணைக்கோள் 91.5 பாகை கிழக்குல, 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்கிது. நம்ம ஊர்லேர்ந்து பாத்தா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல, கொஞ்சம் மேற்கால. தட்டு ரெண்டு பாகை தள்ளினாப் படம் போச்சு. உன் படகு நீ தும்மினாலே ரெண்டு பாகை சாயும். கப்பல்காரங்க வைக்கிற தட்டு தானாத் திரும்பித் துணைக்கோளைத் தேடிக்கும், அதோட விலையைக் கேட்டா உன் பாதிப் பங்கு காணாமப் போயிடும். அப்படியே வச்சாலும் மழை வந்தா வீட்டுலயே படம் நிக்கிது, கடல்ல நிக்காதா?

2019 அக்டோபரோட பழைய அனலாக் ஒளிபரப்பை மூடிட்டாங்க. இப்ப மைடிவி டிஜிட்டல்தான். புது டிவியில அதைப் புடிக்கிற ட்யூனர் இருக்கும், டிவிபி-டி2-ன்னு ஸ்டிக்கர்ல பாத்துக்க. இல்லைன்னா டிகோடர் பெட்டி. மாசக் கட்டணம் கெடையாது, ஆர்டிஎம் உண்டு, டிவி3 உண்டு. வீட்டுக் கூரையில வைக்கிற முள்ளு ஏரியல் ஒரு பக்கம்தான் பாக்கும். நங்கூரம் போட்ட படகு நீரோட்டம் மாறினா மூக்கைத் திருப்பிக்கும், ஏரியலும் திரும்பி சுமத்ராவைப் பாத்துக்கிட்டு நிக்கும். எல்லாப் பக்கமும் வாங்குற வட்ட ஏரியல் வாங்கி, முடிஞ்ச ஒசரத்துல கட்டு. கோலாலம்பூர்லேர்ந்து பந்திங் நேர்கோட்டுல நாப்பது கிலோமீட்டருக்கு மேல, கடல்ல எறங்கினா இன்னும் கூட. அதனால 12 வோல்ட்ல ஓடுற பூஸ்டரும் வேணும். டிஜிட்டல்ல பழைய புள்ளி மழை கெடையாது. ஒண்ணு நல்லாத் தெரியும், இல்ல ஒண்ணுமே தெரியாது. மலிவு எல்இடி வெளக்கும் மலிவு கன்வெர்ட்டரும் ஏரியல் பக்கத்துல இருந்தா படம் கட்டம் கட்டமா ஒடையும். "ஏரியல் சரியில்ல"ன்னு ஏரியலைத் திட்டுவ. வெளக்கை அணைச்சுப் பாரு, படம் வந்துடும்.

சோலாரைப் பத்தி உங்கம்மா கேட்டா. நல்லதுதான். 100 வாட் பலகை ஒண்ணு நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 25 ஆம்பியர் மணி போல ஏத்தும், 24 இஞ்சுக்குப் பத்து மணி நேரம். வாரம் பூரா படகு சும்மாத்தானே கெடக்குது, வெயில் பேட்டரியை நெறைச்சு வைக்கும். ஆனா பலகை மேல துண்டு காயப்போடக் கூடாது. பெட்ரோல் ஜெனரேட்டர் பேச்சை எடுக்காத. கேபின் பக்கத்துல ஓடினா அதோட புகையில வாசனையே இல்லாத விஷம் இருக்கு, தூங்குறவன் தூங்குனபடியே போவான். மீனும் அந்தச் சத்தத்துக்கு இந்தோனேசியாவுக்கே போயிடும்.

படகு ஓடுறப்போ டிவி ஓடக் கூடாது. ராத்திரி வெளிச்சத்தைப் பாத்த கண்ணுக்கு இருட்டு பழக இருபது நிமிசத்துக்கு மேல ஆகும். அந்த நேரத்துல எதிர்ல வெளக்கு இல்லாம வலை போட்டுக்கிட்டு ஒரு சம்பான் கெடக்கலாம். அதுல இருக்குறவனுக்கும் வீடு வாசல் இருக்கு. டிவியைச் சுக்கான் புடிக்கிற எடத்துலேர்ந்து தெரியாத மூலையில மாட்டு. நங்கூரம் எறங்கினப்புறம்தான் சுவிட்ச்.

நாளைக்கே பந்திங் டவுனுக்குப் போயி மொதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்கு, அப்புறம் மத்ததெல்லாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் படித்துறையை விட்டுக் கெளம்புறதுக்கு முன்ன ரெண்டு பேட்டரியையும் தொட்டுப் பாரு. டிவி பேட்டரி 12.5-க்குக் கீழ காட்டினா அன்னிக்கு டிவி கெடையாது, மின்னல் எஃப்எம் 96.3-ல கேட்டுக்க. இஞ்சின் பேட்டரி 12.5-க்குக் கீழ காட்டினா அன்னிக்குப் படகே கெடையாது.